பாலம் விழாத குற்றம்

உங்களுக்கு நடைமுறை சொல்லிக் கொடுக்கும்படி சங்கத்தில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். நடைமுறை முழுவதும் இணையத்தில் இருக்கிறது. எந்தச் சான்றிதழுக்கு எந்த மொழிபெயர்ப்பாளர், எந்த முத்திரை, எத்தனை நகல் என்பதையெல்லாம் வாசிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளலாம். நான் முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைத்தான் செய்தேன். வெளிநாட்டில் வாங்கிய பட்டம் பிரான்சில் எதற்குச் சமம் என்று தீர்மானிக்கும் அலுவலகம் ஒன்றில், ஜன்னல் இல்லாத அறையில். நீங்கள் இப்போது பாரிசின் லா ஷப்பலில், நம் தமிழ்க் கடைத்தெருவின் சங்க அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கோப்பு தயாரித்துக் கொடுக்கிறீர்கள். நாம் ஒரே தொழில்காரர்கள்தான்.

போன புதன்கிழமை உங்களில் ஒருத்தியான சுகந்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு என்னிடம் விதி இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன். அதற்காக என்னை யாரும் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்காமல் விட்டதில்லை. பொறியியல் முடித்ததும் படைச் சேவைக்கு அழைத்தார்கள். துப்பாக்கி பிடிப்பதற்குப் பதிலாக வெளிநாட்டில் பாடம் நடத்தலாம் என்று ஒரு வழி அப்போது இருந்தது. விண்ணப்பித்தேன். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு சிறிய நாட்டின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நாட்டின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வாக்களிக்கக் கை தூக்கியவர்களில் சிலர் இன்னும் அங்கே பெரிய நாற்காலிகளில் இருக்கிறார்கள்.

நான் போய் ஒரு வருடத்துக்குள் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். சில மாதங்கள் யோசித்துவிட்டு, தாங்கள் மார்க்சியவாதிகள் என்று வானொலியில் அறிவித்தார்கள். மறுநாளே கல்லூரி வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். 'மக்கள்' என்ற சொல் முன்னால் வந்தது. ஆசிரியர்கள் 'தோழர் ஆசிரியர்' ஆனோம். ஒரு நட்பு நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாடப்புத்தகங்கள் கப்பலில் இறங்கின. எல்லாம் பல்கேரிய மொழியில். சூத்திரங்கள் மட்டும் எங்களுக்குப் புரிந்தன. மாணவர்கள் அவற்றைப் பார்த்தே படித்தார்கள். நானும் அப்படியே நடத்தினேன். அவ்வளவு மோசமாக இல்லை.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பழைய ஆட்சியில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளின் பிள்ளைகள். புதிய ஆட்சி துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அவர்களில் சிலர் நான் பாரிசில் பார்த்த எந்த மாணவனுக்கும் குறைந்தவர்கள் அல்ல. கெட்டது கதவு திறந்ததில் இல்லை. தேர்வு நடத்திய விதத்தில் இருந்தது.

தனித் தேர்வு முதலாளித்துவப் போட்டி என்று ஒழித்துவிட்டார்கள். ஐந்து ஐந்து பேராக அணிகள். ஐந்து பேரும் சேர்ந்து படிக்க வேண்டும். தேர்வு நாளில் ஒரு இராணுவத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு ஒருவரை எடுப்பார்கள். அவர் சொல்லும் பதில் ஐவரின் பதில், அவர் வாங்கும் மதிப்பெண் ஐவரின் மதிப்பெண். தேர்ச்சியா இல்லையா என்பதை மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். ஆசிரியருக்கும் ஒரு கைதான். இதில் ஒரு உபவிதி உண்டு: அணியில் ஒருவர் பேசும்போது அதே அணியைச் சேர்ந்தவர் மறுத்துப் பேசக் கூடாது. பேசினால் அணி ஒற்றுமையைக் குலைத்தவர் ஆவார்.

என்னிடம் இறுதியாண்டில் இருந்த ஒரு அணிக்கு லாசார் என்பவன் தலைவன். நல்ல குரல், நல்ல உயரம், தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அந்த அணியின் கணக்குகளைப் போட்டவன் பெனுவா. ஒல்லியானவன், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவான், எதிரில் இருப்பவர் முகம் தெரியாமலிருந்தால் தைரியம் வருமாம். அவனுடைய சிக்கல் அவனுடைய அப்பா. அவரிடம் இரண்டு லாரிகள் இருந்தன. அதனால் அவனுடைய பதிவுத் தாளில் சமூகப் பிறப்பு என்ற இடத்தில் 'சுரண்டும் வர்க்கம்' என்று எழுதியிருந்தார்கள். புரட்சிக்கு முன்பே சேர்ந்துவிட்டதால் துரத்தவில்லை. 'தற்காலிகமாக அனுமதிக்கப்பட்ட மாணவன்' என்று வைத்திருந்தார்கள்.

வாரந்தோறும் நடக்கும் கூட்டம் ஒன்றில் அவன் எழுந்து, "தோழர்களே, அந்த லாரிகளில் ஒன்றுக்கு எஞ்சினே இல்லை" என்று விளக்கம் சொன்னான்.

"அப்படியானால் நீ ஒன்றரை முதலாளியின் மகன்" என்றான் லாசார்.

மண்டபம் சிரித்தது. பெனுவாவும் சிரித்தான். அதுவரை அது சிரிக்கக் கூடியதாகவே இருந்தது.

கல்லூரியின் கட்சிச் செயலாளர் ஒதீல் என்ற பெண். பழைய இயக்குநரிடம் தட்டச்சு செய்தவர். இப்போது அதே அறையில், அதே இயக்குநரின் நாற்காலியில். என்னைவிட ஒரு வயது சிறியவர். அவரைத் தட்டச்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசிய பேராசிரியர்கள் அத்தனை பேரும் அவர் முன்னால் நின்றால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் எந்தக் கேள்வியை யாரிடம், எந்த அறையில் கேட்க வேண்டும் என்று தெரியும்.

இறுதியாண்டுத் திட்டம் காகிதத்தில் நின்றுவிடக் கூடாது, மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று மாணவர் குழு முடிவு செய்தது. நல்ல முடிவுதான். சந்தைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் நடுவே ஒரு காயல் இருந்தது. அதன்மேல் ஒரு நடைபாலம். லாசார் அணிக்கு அது கிடைத்தது. பழைய இரயில் தண்டவாளங்களை உத்திரமாக வைத்து, மேலே பலகை பரப்பி, புரட்சியின் ஆண்டு விழாவுக்குள் கட்டி முடிக்க வேண்டும். நாட்டின் தலைவரே வந்து திறப்பார்.

அணி திட்டத்தை முன்வைக்கும் நாளில் கட்டுமானம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. தொப்பியிலிருந்து லாசாரின் பெயர் வந்தது. அவன் கரும்பலகையில் அழகாக விளக்கினான். சந்தைக்குப் போகும் பெண்கள், தலைச்சுமை, எதிரே வருகிறவர்கள் என்று எல்லா எடையையும் கூட்டினான். எல்லாம் நடந்து போகிற ஆட்களுக்கான கணக்கு. நடக்கிறவர்களுக்கு அந்தப் பாலம் தாராளமாகப் போதும்.

அப்போதுதான் பெனுவா எழுந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"திறப்பு விழாவில் யாரும் நடக்க மாட்டார்கள்" என்றான். "நிற்பார்கள். தோளோடு தோள் உரசி நிற்பார்கள். பிறகு மேளம் அடிப்பார்கள். நம் ஆட்கள் மேளம் கேட்டால் சும்மா நிற்பார்களா? ஒரே தாளத்தில் குதிப்பார்கள். இந்தத் தண்டவாளம் அதற்குத் தாங்காது."

மண்டபம் முழுவதும் ஒதீலின் பக்கம் திரும்பியது. உபவிதி எல்லோருக்கும் தெரியும்.

ஒதீல் என்னைப் பார்த்தார். "தோழர் ஆசிரியர், உங்கள் கருத்து?"

பெனுவா சொல்வது சரி என்றேன். கரும்பலகைக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். கூட்டம் நின்றால் எவ்வளவு, ஆடினால் எவ்வளவு. நடுவில் இன்னொரு தூண் வைத்தால் போதும், இரண்டு மாத வேலை என்றும் சொன்னேன். ஆண்டு விழாவுக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

லாசார் நிதானமாகக் கேட்டான்: "தோழர்களே, லாரி முதலாளியின் மகனும் பாரிஸ் அனுப்பிய ஆசிரியரும் ஒரே கணக்குப் போடுகிறார்கள். இதில் யாருக்காவது ஆச்சரியமா?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அவர் பாரிஸ்காரரும் இல்லை, இந்தியர்! இன்னும் ஒரு படி கீழே தள்ளிப் போடு!" என்றான். பெரிய சிரிப்பு.

வாக்கெடுப்பு. திட்டம் அப்படியே ஏற்கப்பட்டது. கை தூக்காதவர்கள் நானும் பெனுவாவும். அணியின் மற்ற மூவரும் தூக்கினார்கள், தரையைப் பார்த்துக்கொண்டே. ஒதீல் கடைசியாகத் தூக்கினார். பெனுவாவின் ஒழுங்கு மீறலை விழாவுக்குப் பிறகு விசாரிப்பதென்று ஒத்திவைத்தார்கள். பாலம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்றார் ஒருவர்.

மறுநாள் ஒதீல் பட்டறைக்கு வந்தார். தனியாக. கடைசல் இயந்திரத்தை ஓடவிடச் சொன்னார், சத்தத்துக்காக.

"விழுமா?"

"கூட்டம் ஆடினால் விழலாம்."

"விழுமா, விழலாமா?"

"எங்கள் தொழிலில் விழலாம் என்றால் ஆட்களை ஏற்றக் கூடாது என்று பொருள்."

"எங்கள் தொழிலில் விழலாம் என்றால் இன்னும் விழவில்லை என்று பொருள்" என்றார். சிரிக்கவில்லை. "எத்தனை பேர் ஏறினால் விழாது?"

சொன்னேன். ஒரு சிறு குழு, ஆடாமல் நடந்தால் பயமில்லை என்றேன். எதையும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

விழா நாளில் போய்ப் பார்த்தேன். பாலத்தின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள். புரட்சியில் உயிர்விட்டவர்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பாலம் என்பதால், இன்று தலைவரும் உடன் வருபவர்களும் மட்டும் மௌனமாகக் கடப்பார்கள், மக்கள் கரையில் நின்று மரியாதை செலுத்துவார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. மேளக்காரர்களைச் சந்தைப் பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கரையில் ஆயிரக்கணக்கான பேர் குதித்தார்கள், மண் தாங்கியது. தலைவர் பத்துப் பன்னிரண்டு பேரோடு நடந்து கடந்தார். பாலம் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது.

நான் ஒதீலைப் பார்த்தேன். அவர் மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் இவ்வளவு சரியான முடிவை இவ்வளவு அமைதியாக எடுத்த ஒருவரை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த வாரம் நடந்ததும் அவர் செய்ததுதான்.

அடுத்த வாரம் விசாரணை. லாசாரின் வாதம் ஒரே வரி: பாலம் நிற்கிறது. எனவே விழும் என்றவன் பொய்யன். தெரிந்தே பொய் சொல்லி மக்கள் வேலையைத் தாமதிக்கப் பார்த்தவன் நாசகாரன். பெனுவா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். "நீங்கள் ஏற்றவே இல்லையே" என்றான். அதற்கு மேல் அவனைப் பேசவிடவில்லை. நான் பேசினேன். சிப்பாய்களைப் பற்றிச் சொன்னேன். உயிர்த்தியாகிகளின் மரியாதையை இந்த ஆசிரியர் எடைக்கணக்கு ஆக்குகிறார் என்று ஒருவன் கத்தினான். கைகள் உயர்ந்தன, ஒதீலின் கையும். கல்லூரியிலிருந்து நீக்கம். படித்த வருடங்களும் செல்லாது. அவன் அங்கே ஒரு நாள்கூடப் படிக்காதவன் ஆனான்.

அன்று மாலை ஒதீலின் அறைக்கே போனேன்.

"பாலம் ஏன் விழவில்லை என்று உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"பிறகு?"

"அதைச் சொன்னால் கை தூக்கிய மண்டபம் முழுவதும் தவறு. சொல்லாவிட்டால் ஒரு பையன் மட்டும் தவறு." ஜன்னலைச் சாத்தினார். "நூற்றுக்கணக்கான பேர் இன்று உயிரோடு சந்தைக்குப் போகிறார்கள், தோழர் ஆசிரியர். அவனுக்கும் நன்றி கிடைக்காது, எனக்கும் கிடைக்காது. உங்களுக்குப் பாலம் வேண்டுமா, பட்டம் வேண்டுமா? இரண்டையும் கொடுக்க என்னால் முடியாது."

நான் எல்லா நடைமுறையையும் பின்பற்றினேன். இயக்குநருக்கு எழுதினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அமைச்சகத்துக்கு எழுதினேன். உரிய பிரிவுக்கு அனுப்பியதாகப் பதில் வந்தது. நம் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதினேன். அது அந்த நாட்டின் உள்விவகாரம் என்று மரியாதையாகப் பதில் வந்தது, கூடவே என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்றும் வந்தது. ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் வராமல் இல்லை. நிர்வாகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாரிசுக்குத் திரும்பி அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்தேன். சில வருடங்கள் கழித்து ஒருநாள் முன்கூடத்தில் ஒருவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெனுவாவிடம் ஒரு காகிதமும் இல்லை. நான் கோப்பைத் திறந்து முதல் தாளாக என் சாட்சியத்தை வைத்தேன்: இவர் இன்ன பாடங்களைப் படித்தார், நானே நடத்தினேன், என் மாணவர்களில் மிகச் சிறந்தவர். கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். நான்தான் இவருடைய ஆசிரியர்."

"அப்படியானால் இந்தக் கோப்பை நீங்கள் தொடக் கூடாது. பாரபட்சம்."

"தெரியாத ஒருவர் தொட்டால்?"

"அவருக்கு ஆதாரம் வேண்டும்."

"ஆதாரம் நான்தான்."

"அதனால்தான் சொல்கிறேன், தொடாதீர்கள்."

அவர் சொன்னது முழுக்க முழுக்க விதிப்படி. கோப்பு பக்கத்து மேசைக்குப் போனது. பக்கத்து மேசைக்காரர் நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். சான்றிதழ் இல்லை, அப்படி ஒரு மாணவனே இருந்ததில்லை என்று கல்லூரியும் பதில் எழுதியது. நிராகரித்தார். அடுத்த வருடம் லாசார் வந்தான். சான்றிதழ், முத்திரை, மொழிபெயர்ப்பு, பாலத்தின் புகைப்படம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவனையும் எனக்குத் தெரியும் என்பதால் அதையும் நான் தொடவில்லை. அதே மேசை, அதே பேனா. பொறியாளராக ஏற்கப்பட்டான். புறநகரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து நன்றாகவே வேலை செய்தான் என்று கேள்வி. மோசமாகச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெனுவா மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். பாரிசை ஒட்டிய செய்ன்-சந்தெனியின் உயரமான குடியிருப்புகளில் பாதி அவனை நம்பித்தான் மேலே போய்க் கீழே வந்தன. "இங்கே எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது" என்று ஒருமுறை சொன்னான். "மின்தூக்கிக்குள் இத்தனை பேர்தான் என்று ஒரு தகடு இருக்கிறது. அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை."

இப்போது அதே புறநகர்ப் பக்கம், பியர்ஃபித்தில் ஓய்வில் இருக்கிறான். மாதத்தில் ஒருநாள் லா ஷப்பலுக்கு வருவான், நாங்கள் தேநீர் குடிப்போம். போன புதன் அவனைச் சங்க அறைக்குக் கூட்டி வந்தேன். சுகந்தி கதையைக் கேட்டாள். அவள் இங்கேயே, லெ பிளாங்-மெனில் புறநகரில் பிறந்தவள், அவனோடு பிரெஞ்சிலும் என்னோடு யாழ்ப்பாணத் தமிழிலும் மாறி மாறிப் பேசினாள்.

"ஐயா, இப்ப இவருக்குப் பட்டம் எடுக்க வழி இருக்கு. பேப்பர் இல்லாட்டிப் பரவாயில்லை. செய்த வேலையைக் காட்டி, நடுவர் குழுவுக்கு முன்னால கதைச்சாப் போதும். தொசியே, அந்தக் கோப்பு முழுக்க நான் எழுதுறன்."

எனக்கும் அந்த வழி தெரியும். அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஓய்வூதியத்தில் ஒரு சல்லியும் கூடப்போவதில்லை, எதற்கு என்பான். இந்தமுறை அவன் உடனே மறுக்கவில்லை. அவளைப் பார்த்து, "குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டான்.

"நாலைந்து பேர் இருப்பார்கள்."

"கடைசியில் கை தூக்குவார்களா?"

சுகந்திக்கு அது கேலி என்று புரிய ஒரு கணம் ஆனது. சிரித்தாள். பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"எழுதுங்கள்" என்றான். "ஆனால் மின்தூக்கி வேலையை எழுத வேண்டாம். அது தெரிந்ததுதான். பாலத்தை எழுதுங்கள். நான் பொறியாளராக இருந்தது அந்த ஒரு நாள்தான்."

"சரி, மிஸ்யூ. அந்தப் பாலம் ஆபத்தானது என்பதற்கு என்ன ஆதாரம் வைக்கலாம்?"

"விழவில்லை. அதுதான் ஆதாரம். நான் சொன்னதை அவர்கள் கேட்டதால்தான் விழவில்லை."

அவள் தட்டச்சு செய்யக் கையை உயர்த்தி, அப்படியே நிறுத்தினாள். திரையில் கட்டங்கள் வரிசையாக இருந்தன: செய்த பணி, பணியின் விளைவு, இணைக்கப்படும் சான்று. மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"ஐயா, நடக்காமல் போனதை எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுறது?"

எல்லா நடைமுறையும் தெரிந்தவர் என்று நீங்கள் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அதற்குக் கட்டம் இல்லை. நான் வேலை பார்த்த நாளிலும் இல்லை, அந்தக் கல்லூரியிலும் இல்லை, எந்த ஆட்சியிலும் எவரும் அச்சடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பெனுவா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான். தமிழ் தெரியாவிட்டாலும் என்ன கேட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"'விளைவு' கட்டத்தில் எழுதும்மா" என்றேன். "முழுவதையும் எழுது. சிப்பாய்கள், மேளம், எல்லாம். சான்று இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடு."

"தள்ளிவிட்டா?"

"தள்ளத்தான் போகிறார்கள். ஆனால் வாசிக்காமல் தள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை மட்டும் யாரும் இன்னும் மாற்றவில்லை."

அவள் எழுதத் தொடங்கினாள். பெனுவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து, தண்டவாளத்தின் அளவைத் திருத்தினான்.